அவர் 'ஆம்' என்றாரா, 'இல்லை' என்றாரா?

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் முகப்பேர்த் தெருக்களில் ஓய்வு ஒழிச்சல் கிடையாது. ஏரித் திட்டம் தொடங்கிக் கிழக்கு, மேற்கு என்று எல்லாப் பக்கமும் ஆட்டோக்களில் ஒலிபெருக்கி முழங்கும். வேட்பாளர் வருவதற்கு முன் அவருடைய ஆட்கள் வருவர். ஆரத்தித் தட்டுகள் வரும். கோலம் போட்ட வாசலில் பட்டாசுக் குப்பை சேரும்.

அப்படி ஒரு தேர்தலின்போது நம் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, வாசலுக்கு வந்த கட்சிக்காரர் ஒருவரைப் பார்த்து, "அண்ணா, போன அஞ்சு வருஷத்துல நம்ம எம்.எல்.ஏ. சட்டசபையில எதுக்கெல்லாம் ஓட்டுப் போட்டாரு?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, "பாப்பா, உங்க தெருவுக்கு ரோடு போட்டது யாரு, சொல்லு பார்க்கலாம்" என்றாராம். அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். மறுநாள் அந்தப் பெண் என்னிடம் வந்து, "மிஸ், ரோடு போட்டது எல்லாருக்கும் தெரியுது. ஓட்டுப் போட்டது எங்கே போய்ப் பார்க்கணும்?" என்று வினவினாள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடிமையியல் கற்பிக்கும் எனக்கு உடனே விடை கூற வரவில்லை. இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு தலைமையாசிரியை சகோதரி அவர்கள் கேட்டபோது, அந்தக் கேள்விக்காகத் தேடிப் படித்தவற்றையே எழுதுவது என்று முடிவு செய்தேன். பெற்றோரும் இதைப் படிப்பீர்கள் என்பதால் பாடப் புத்தக நடையைக் கூடியவரை தவிர்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். தெருவுக்குச் சாலையும் கால்வாயும் போடுவது பெரும்பாலும் மாநகராட்சியின் பணி. சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதி நிதியிலிருந்து உதவலாம், அதிகாரிகளை விரைவுபடுத்தலாம், நல்ல உறுப்பினர்கள் அதைச் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் அவரை நாம் கோட்டைக்கு அனுப்புவது சட்டம் இயற்றவும், அரசின் வரவு செலவுக்கு ஒப்புதல் தரவும், அமைச்சர்களைக் கேள்வி கேட்கவும்தான். 234 பேர் கொண்ட பேரவையில் நம் பகுதிக்கென்று அம்பத்தூர், மதுரவாயல், ஆவடி, பூந்தமல்லி என்று தொகுதிகள் உண்டு. இவற்றில் அம்பத்தூர், மதுரவாயல், ஆவடி மூன்றும் தொகுதி மறுசீரமைப்பில் உருவாகி, 2011-ல்தான் முதன்முதலாகத் தேர்தலைக் கண்டன. இந்த உறுப்பினர்கள் பேரவையில் ஒரு மசோதாவின்மேல் வாக்களிப்பது எப்படி?

மசோதா விவாதம் முடிந்ததும் பேரவைத் தலைவர் எழுந்து, "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார். ஒரு பக்கத்திலிருந்து 'ஆம்' என்ற குரல் எழும். மறு பக்கத்திலிருந்து 'இல்லை' என்ற குரல் வரும், அல்லது வராமலே போகும். எது ஓங்கி ஒலித்தது என்பதைத் தலைவர் தம் செவியால் தீர்மானித்து, நிறைவேறியது என்று அறிவிப்பார். இதற்குக் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். நம் பேரவையில் மிகப் பெரும்பாலான சட்டங்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன.

இதில் நேரம் மிச்சம் என்பது உண்மையே. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சாதாரணத் திருத்தத்திற்கு ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் மாணவியின் கேள்வி இங்கேதான் முட்டி நிற்கிறது. குரலுக்குப் பெயர் இல்லை அல்லவா? கூட்டத்தில் 'ஆம்' என்றவர் யார், வாயைத் திறக்காமலே அமர்ந்திருந்தவர் யார், அன்று அவைக்கே வராதவர் யார் என்று அந்த ஒலியிலிருந்து எவரும் அறிய முடியாது. நம் பள்ளிக் காலை வழிபாட்டில் ஐந்நூறு பேர் சேர்ந்து பாடும்போது பின்வரிசையில் உதட்டை மட்டும் அசைப்பவர்கள் உண்டு. (யாரென்று எனக்குத் தெரியும், மலரில் எழுதமாட்டேன்.)

குரல் வாக்கெடுப்பில் திருப்தி இல்லையென்றால், உறுப்பினர்கள் டிவிஷன் கேட்கலாம். நம் பேரவையில் இதை எண்ணிக் கணிக்கும் முறை என்பர். அவையின் கதவுகள் மூடப்படும். இருக்கைகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஆதரிப்போர், எதிர்ப்போர், நடுநிலை வகிப்போர் எழுந்து நிற்க, அலுவலர்கள் எண்ணுவர். இங்கிலாந்து மக்கள் சபையில் 'ஆம்' என்போர் ஒரு நடைக்கூடத்தின் வழியாகவும் 'இல்லை' என்போர் மற்றொன்றின் வழியாகவும் நடந்து செல்வர். பெயர்ப் பட்டியல் அச்சாகும். அமெரிக்காவிலோ, அவையில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஒவ்வொருவரின் வாக்கையும் பெயரோடு குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டமே கட்டளையிடுகிறது. அதனால்தான் அங்கே ஓர் உறுப்பினர் மீண்டும் வாக்குக் கேட்டு வரும்போது, அவர் எந்த நாளில் எதற்குக் கை தூக்கினார் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு மக்கள் கேள்வி கேட்க முடிகிறது. நம்மிடம் அப்படிப் பட்டியல் போடும் அளவுக்கு எண்ணிக் கணித்த வாக்கெடுப்புகள் மிகக் குறைவு. ஆனால் அந்தச் சிலவற்றில் ஒன்று பள்ளிக்கூடத்தைப் பற்றியது என்பதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. அதைச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

ஆண்டு 1953. அன்றைய சென்னை மாநிலத்தில் இன்றைய தமிழ்நாட்டோடு ஆந்திரப் பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்திருந்தன. பேரவையில் 375 இடங்கள். 1952 தேர்தலில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்ததால், பிறருடைய ஆதரவைத் திரட்டி ராஜாஜி முதலமைச்சரானார். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு வந்தவர். இந்தச் சிறு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1953-54 கல்வியாண்டில் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருப்பர். காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். அதே கட்டடம், அதே ஆசிரியர், இரு மடங்கு பிள்ளைகள் என்பது அரசு சொன்ன நியாயம். பணமும் பள்ளிகளும் போதாத காலம் அது; அந்த நியாயத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி வேறு. சிரைப்பவர் மகன் சிரைக்கவும், சலவைத் தொழிலாளி மகன் வெளுக்கவும் கற்க வேண்டும் என்றால், அவன் எப்போது வேறொன்றாக ஆவான்? குலக்கல்வித் திட்டம் என்ற பெயரை அவர்கள்தாம் சூட்டினர்; இன்றளவும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரியாரும் தி.மு.க.வினரும் தெருவில் இறங்கிப் போராடினர். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. பெண் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். அவள் வீட்டில் கற்கும் தொழில் எதுவாக இருந்திருக்கும்? அடுப்படியும் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும்தானே? அதற்கு மூன்று மணி நேரம் அரசே விட்டுக்கொடுப்பதாயின், மீதி மூன்று மணி நேரத்தையும் வீடு கேட்டுவிடாதா?

ஜூலை மாத இறுதியில் பேரவையில் இது வாக்குக்கு வந்தது. அக்காலத்தில் பேரவை கோட்டையில் கூடவில்லை. வாலாஜா சாலைப் பக்கம் அரசினர் தோட்டத்தில் கட்டப்பட்ட மண்டபத்தில் கூடியது. பிற்காலத்தில் கலைவாணர் அரங்கம் எழுந்த இடம் அது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்திற்கு ஆதரவு 138. எதிர்ப்பு 138. தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்து, திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. ஆதரவு 139. எதிர்ப்பு 137. அது நிறைவேறியது.

மாணவிகளே, இரண்டு கணக்குகளையும் கூட்டிப் பாருங்கள். இரண்டிலும் 276. கணக்குப்படி, ஒரே ஒரு கை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தால் போதும், 138-138 என்பது 139-137 ஆகிவிடும். லட்சக்கணக்கான பிள்ளைகளின் பள்ளி நேரம் பற்றிய தீர்மானத்தில் வித்தியாசம் ஒரு கை. இன்னொரு கணக்கும் உண்டு. 375-லிருந்து 276-ஐக் கழித்தால் 99. காலி இடங்கள், பேரவைத் தலைவர், வராதவர், நடுநிலை வகித்தவர் எல்லாம் அந்த 99-க்குள் அடங்குவர். ஒரு வாக்குக்குத் தவித்த அவையில் அத்தனை பேர் எந்தப் பக்கமும் எண்ணப்படவில்லை.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன விவரம் இப்போது பயன்படும். அமைச்சர் ஒருவர் எந்த அவையிலும் பேசலாம். ஆனால் தாம் உறுப்பினராக உள்ள அவையில் மட்டுமே வாக்களிக்கலாம் என்பது நம் அரசியல் சட்டத்தின் 177-ஆம் விதி. ராஜாஜி மேலவை உறுப்பினர். எனவே தம் பெயரால் வழங்கிய திட்டம் சரிசமமாகத் தொங்கிய அந்த வேளையில், பேரவையில் முதலமைச்சருக்கு ஒரு வாக்குகூட இல்லை!

அந்தத் தீர்மானத்தோடு கதை முடிந்துவிடவில்லை. பருலேகர் தலைமையில் குழு அமைந்தது. அக்குழு திட்டம் நல்லது என்றே நவம்பரில் அறிக்கை தந்தது. இதற்கிடையே அக்டோபர் 1-ல் ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது. அப்பகுதி உறுப்பினர்கள் விடைபெற்றுச் சென்றனர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். ஒரு வாக்கெடுப்பு செய்து முடிக்காததை ஓர் ஆட்சி மாற்றம் செய்து முடித்தது. என்றாலும், அந்த 139 பேரும் 137 பேரும் தத்தம் பக்கத்தை அவையில் வெளிப்படக் காட்டினார்கள். அதனால்தான் எழுபது ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றி நாம் பேச முடிகிறது.

நம் போன்ற பள்ளிகளின் பெற்றோருக்கு நினைவிருக்கக்கூடிய இன்னொன்று 2002-ஆம் ஆண்டின் கட்டாய மத மாற்றத் தடைச் சட்டம். அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டமாக வந்து, அம்மாத இறுதியில் பேரவையில் 140 பேர் ஆதரவு, 73 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் நிறைவேறியது. சிறுபான்மையினர் கடுமையாக எதிர்த்தனர். இதில் நான் காட்ட விரும்புவது வேறொன்று. 2001 தேர்தலில் காங்கிரசும் இடதுசாரிகளும் அ.தி.மு.க. கூட்டணியில் நின்று வென்றவர்கள், பா.ஜ.க. தி.மு.க. கூட்டணியில் நின்று வென்றது. ஓராண்டு கழித்து இந்த வாக்கெடுப்பில் காங்கிரசும் இடதுசாரிகளும் அ.தி.மு.க. அரசை எதிர்த்தும், பா.ஜ.க. ஆதரித்தும் வாக்களித்தனர். ஆக, எந்தக் கூட்டணிக்குப் பொத்தானை அழுத்தினோம் என்பதை மட்டும் வைத்து, நம் உறுப்பினர் அவையில் எந்தப் பக்கம் நிற்பார் என்று ஊகிக்க இயலாது. அந்தச் சட்டம் 2004 மே மாதத்தில் இன்னோர் அவசரச் சட்டத்தால் திரும்பப் பெறப்பட்டது. கொண்டுவந்த அரசே திரும்பப் பெற்றது.

"அப்படியானால் எல்லா மசோதாவுக்கும் டிவிஷன் கேட்டால் என்ன, மிஸ்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் 1985-க்குப் பிறகு வேறொரு தடை இருக்கிறது. கட்சி விட்டுக் கட்சி தாவுவதைத் தடுக்க அவ்வாண்டு அரசியல் சட்டத்தில் பத்தாம் அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலும், அனுமதியின்றி வாக்களிக்காமல் இருந்தாலும், பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். அந்தக் கட்டளையைப் பிறப்பிப்பவர் கொறடா. கொறடா என்றால் சவுக்கு. ஆங்கிலத்தில் வழங்கும் 'விப்' என்ற சொல்லுக்கும் சாட்டை என்றே பொருள். வேட்டை நாய்கள் சிதறி ஓடாமல் பார்த்துக்கொள்பவனுக்கு அங்கே வழங்கிய பெயரிலிருந்து அது பாராளுமன்றத்துக்கு வந்தது. மக்கள் பிரதிநிதிகளுக்கு இது ஒரு மரியாதையான உவமை என்று எனக்குத் தோன்றவில்லை.

விலைக்கு வாங்கப்படும் உறுப்பினரைத் தடுக்க வந்த சட்டம், மனச்சான்றின்படி வாக்களிக்க விரும்பும் உறுப்பினரையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிட்டது. அதனால் இன்று வாக்குக் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலும் கட்சியின் முகம் தெரியுமே ஒழிய, தனி ஒருவரின் உள்ளம் தெரிவதில்லை. விலக்கும் உண்டு. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். மேசை நாற்காலிகள் பட்டபாட்டை மறந்துவிடுவோம். தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பின், பகுதி பகுதியாக எண்ணியதில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையைப் பேரவைத் தலைவர் தனபால் ஏற்கவில்லை. கட்சியின் நிலைக்கு எதிராக அந்த 11 பேரும் வெளிப்படையாகவே எழுந்து நின்றனர். அவர்கள் பதவி இழக்கவும் இல்லை. ரகசியமாக நடந்திருந்தால் எண்ணிக்கை மாறியிருக்குமோ என்னவோ. ஆனால் மக்களாகிய நமக்கு வாக்கு ரகசியம் என்பது காப்பு. நம் பெயரால் வாக்களிப்பவருக்கும் அதே ரகசியம் எதற்கு?

இனி, வாக்கே பதிவாகாத இடத்தில் எதைப் பார்ப்பது? பேச்சைப் பார்க்க வேண்டும். உறுப்பினர் கேட்ட கேள்விகளைப் பார்க்க வேண்டும். அவர் கொண்டுவந்த தீர்மானம், தனிநபர் மசோதா இவற்றைப் பார்க்க வேண்டும். பேரவை நடவடிக்கைகள் சொல்லுக்குச் சொல் பதிவாகி அச்சாகின்றன. பழைய தொகுதிகளை இப்போது இணையத்திலும் காணலாம். இதற்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவருக்கு எவரும் வாக்களிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு வந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்; அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. 1927 நவம்பரில், சிறுமிகளைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து ஏற்கச் செய்தார். 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம். கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்று கட்டுண்டு கிடந்த பெண்களை அது அந்தக் கட்டிலிருந்து விடுவித்தது. 'பொட்டுக் கட்டாதே' என்று சொல்வதற்கு முன், அப்பெண்ணின் சோற்றுக்கு வழி செய்தார் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றும் அவர் வாதாடினார். 1929-ல் வந்த சாரதா சட்டம் அதைப் பதினான்கு ஆக்கியது. நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது! அன்று அதுவே பெரிய முன்னேற்றம் என்றால், அதற்கு முந்தைய நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் 1930-ன் தொடக்கத்தில் கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்குள், காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். அந்தச் சட்டம் 1947-ல்தான் வந்தது. வாக்குக் கணக்கை மட்டும் பார்ப்பவர், தம் மசோதாவை நிறைவேற்றாமலே போனவர் என்று இவரைப் பற்றி எழுதிவிடக்கூடும். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். பதவி விட்ட அதே 1930-ல், சட்டமன்ற உறுப்பினராகத் தாம் பெற்ற அனுபவத்தை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். வாக்களித்து அனுப்பாத மக்களுக்குக் கணக்கு ஒப்பித்தவர் அவர்.

இவை அனைத்தையும் வகுப்பில் சொன்ன அன்று, மாணவிகள் தாமாகவே மூன்று கேள்விகளை எழுதினர். அடுத்த முறை வாசலுக்கு வருபவரிடம் பெற்றோர் கேட்பதற்காக: அவைக்கு எத்தனை நாள் சென்றீர்கள்? எந்த மசோதாவின்மேல் பேசினீர்கள், என்ன பேசினீர்கள்? எண்ணிக் கணித்த நாட்களில் எந்தப் பக்கம் எழுந்து நின்றீர்கள்?

முதலில் கேட்ட அந்தப் பெண் மட்டும் நான்காவதாக ஒன்று எழுதியிருந்தாள். 'குரல் கொடுத்த நாட்களில், உண்மையிலேயே வாயைத் திறந்தீர்களா?' அவள் அம்மா அந்தத் தாளை வாசற்கதவுக்குப் பின்னால், கேஸ் புத்தகத்தைச் செருகி வைக்கும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாராம்.